வராதவரின் வாசல்

வீட்டில் ஒருவர் நெடும்பயணம் சென்றிருக்கிறார். அவருக்கென்று ஓர் அறை உண்டு. அறைக்கு ஒரு கதவும், கதவுக்கு ஒரு திறவுகோலும் உண்டு. மாதங்கள் பல கடந்தும் அவரிடமிருந்து சேதி இல்லை. இப்போது வீட்டில் இருப்போர் செய்யத்தக்கது யாது? அறையைத் திறந்தபடியே விட்டுவைப்பதா? பூட்டி வைப்பதா? அல்லது, 'இனி அவர் வரப்போவதில்லை' என்று முடிவு கட்டி, உள்ளே உள்ளவற்றை அப்புறப்படுத்திவிட்டு அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதா? மூன்றுக்கும் நியாயம் கற்பிக்க முடியும். மூன்றிலும் ஓர் அநியாயம் நிகழவும் கூடும்.

கடல் கடந்து பொருள் தேடச் சென்றோரின் இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஆயின் இன்று இதே கேள்வி, நம்மிற் பலர் எண்ணிப் பாராத ஓரிடத்தில் நாள்தோறும் எழுந்துகொண்டிருக்கிறது. அவ்விடம் கணிப்பொறி. அங்கே விடை சொல்வது பெரும்பாலும் மனிதர் அல்லர். மனிதர் எழுதி வைத்துவிட்டு மறந்துபோன ஒரு விதி. ஆகவேதான் அதனை ஓர் அறக்கேள்வியாக எடுத்து ஆராய வேண்டியிருக்கிறது.

அலுவலகத்திலோ கல்லூரியிலோ மருத்துவமனையிலோ பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறி அமைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'கணக்கு' உண்டு. அது பணக் கணக்கன்று; அவர் பெயரில் அமைந்த ஓர் அறை எனலாம். அவர் எழுதியவை, அவருக்கு வந்த கடிதங்கள், அவர் செய்யலாம் என அனுமதிக்கப்பட்ட காரியங்கள் ஆகிய யாவும் அதற்குள் அடங்கும். கடவுச்சொல்லே அதன் திறவுகோல். பலர் ஒரே கணிப்பொறியை ஒரே வேளையில் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு வழிவகுத்த முன்னோடிகளுள் ஒன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ஆம் ஆண்டு செய்து காட்டப்பட்டது. அதனை உருவாக்கியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பெர்னாண்டோ கோர்பட்டோ. ஒருவருடைய கோப்பினை மற்றொருவர் பாராதிருக்கும் பொருட்டுக் கடவுச்சொல் அங்கே புகுந்தது. பகிர்ந்து வாழத் தொடங்கிய அன்றே பூட்டும் தேவைப்பட்டுவிட்டது!

பூட்டினைத் தொடர்ந்து வந்தது பதிவேடு. 1969-இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பும், அதன் வழியில் பின்னர்த் தோன்றிய லினக்ஸும் வருகையைக் குறித்துவைக்கும் ஏடுகள் சிலவற்றைப் பேணுகின்றன. இந்நேரத்தில் உள்ளே இருப்போர் யாவர் என்பதை ஓர் ஏடு சொல்லும். யார் எப்போது வந்தார், எப்போது சென்றார் என்பதை வரிசையாகச் சொல்வது மற்றொன்று. மூன்றாவது ஏடு மிகச் சிறியது. ஒவ்வொருவரும் கடைசியாக நுழைந்தது எந்நாள், எவ்விடத்திலிருந்து என்பதை மட்டுமே அது காட்டும். ஒருமுறையேனும் வாராதவரின் பெயருக்கு நேரே, 'ஒருபோதும் நுழைந்ததில்லை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு நிற்கும். நிர்வாகி ஒரே கட்டளையில், '90 நாள்களாக வாராதவர் யாவர்?' என்று கேட்டுவிடலாம். நொடியில் பட்டியல் வந்துவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே நம் கேள்வி.

முதலில், பூட்டத்தான் வேண்டும் என்போரின் நியாயத்தைக் கேட்போம். அது வலுவான நியாயம்.

1986-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணிப்பொறிப் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலருக்கும் குறைவான அந்தத் தொகை ஏன் ஒத்துவரவில்லை என்று பார்க்கும் வேலை, வானியலாளராக இருந்து கணிப்பொறிப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்த கிளிஃபர்டு ஸ்டோல் என்பவரிடம் விடப்பட்டது. எவரோ ஒருவர் அனுமதியின்றி உள்ளே நுழைந்து சென்றிருக்கிறார் என்பது தெரிந்தது. அந்த அந்நியன் பயன்படுத்திய பெயர்களுள் ஒன்று ஸ்வென்டெக் என்பது. அப்பெயருக்கு உரியவர் அங்கே பணியாற்றிய உண்மையான ஒருவர். ஆனால் அப்போது அவர் ஆய்வகத்திலேயே இல்லை, இங்கிலாந்துக்குச் சென்றிருந்தார். அவர் இல்லாத காலத்தில் அவருடைய வாசல் வழியே, அவருடைய பெயரைப் போர்த்திக்கொண்டு, வேறொருவன் நடமாடிக்கொண்டிருந்தான். ஸ்டோல் மாதக்கணக்கில் பொறுமையுடன் பின்தொடர்ந்து கண்ட முடிவு, மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த மார்க்குஸ் ஹெஸ் என்பவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இராணுவச் செய்திகளைத் திருடிச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற ஒரு கூட்டத்தில் அவன் ஒருவன். 1990-இல் அவனும் அவன் கூட்டாளிகளும் அந்நாட்டு நீதிமன்றத்தில் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டனர்.

அந்நியன் வரும்போதெல்லாம் உள்ளே வேறு எவர் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்வான் என ஸ்டோல் எழுதுகிறார். திருடனும் அதே வருகை ஏட்டைத்தான் புரட்டினான்! காவலன் எவரைத் தேடி அதைப் பார்க்கிறானோ, அவனும் காவலன் இருக்கிறானா என்று அதையே பார்க்கிறான்.

இது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதிக்கு வேண்டிய எரிபொருளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைக் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனம், ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர் நீளமுள்ள தன் குழாய்வழியை நிறுத்த நேர்ந்தது. கணிப்பொறிகளை முடக்கிப் பணயத்தொகை கேட்கும் கூட்டத்தின் கைவரிசை அது. நிறுவனம் ஏறத்தாழ 44 இலட்சம் டாலர் பெறுமான பிட்காயினைக் கொடுத்தது. அதில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு பின்னர் மீட்டது. அவர்கள் எவ்வழியே நுழைந்தார்கள்? தொலைவிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வருவதற்கென வழங்கப்பட்டு, பின்னர் எவராலும் பயன்படுத்தப்படாமல் கிடந்த ஒரு கணக்கின் வழியே! அதன் கடவுச்சொல் முன்பே வெளியே கசிந்திருந்தது. இரண்டாவது அடையாளச் சோதனை ஏதும் அங்கே இல்லை. பயன்பாடு நின்றுவிட்டது, அனுமதி மட்டும் நிற்கவில்லை. கதவு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தமையால் பல மாநிலங்களில் மக்கள் பெட்ரோல் நிலையங்களில் வரிசையில் நின்றார்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஓர் உண்மை பொதுவாக நிற்கிறது. வாழும் வீட்டில் திருடன் நுழைந்தால், வீட்டுக்காரர் காலையில் கண்டுகொள்வார். பொருள் இடம் மாறியிருக்கும். படித்திராத கடிதம் படிக்கப்பட்டிருக்கும். வராதவரின் அறையில் நுழைந்தவனைக் கண்டுகொள்ள எவரும் இல்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. அங்கே நுழைந்தவன் செய்யும் ஒவ்வொரு காரியமும் வராதவரின் பெயரிலேயே எழுதப்படுகிறது. பொருளை இழந்தவர் பொருளை மட்டும் இழக்கிறார். பெயரை இழந்தவரோ, தாம் செய்யாத செயலுக்கு விடை சொல்ல வேண்டியவராகிறார். ஆகையால், செயலற்றுக் கிடக்கும் கணக்கைப் பூட்டுவது வராதவருக்கு எதிரான செயலன்று. அவர் சார்பில் செய்யப்படும் காவல். நம் இல்லங்களில் 'அமானிதம்' என்றொரு சொல் வழங்குகிறதே, ஒருவர் நம்பிக் கையளித்ததை அவர் வரும்வரை கெடாமல் காப்பது. அதன் ஒரு பகுதியே இது.

இதுவரை எனக்கும் பூட்டுவோருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வேற்றுமை இனிமேல்தான் தொடங்குகிறது. அதைச் சொல்ல, என் வாழ்விலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதில் குற்றவாளியும் நானே.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்வி நிறுவனத்தில் கணிப்பொறி அமைப்பைப் பேணும் பொறுப்பு என்னிடம் இருந்தது. 90 நாள்கள் வாராதவரின் கணக்குகளைத் தாமாகவே பூட்டும் விதியைப் புதிதாகக் கொண்டுவந்தேன். அந்த எண் நான் கற்பித்ததன்று. கடன் அட்டைப் பணப் பரிமாற்றத்தைக் கையாளும் நிறுவனங்களுக்கென உலகளவில் வகுக்கப்பட்ட பாதுகாப்பு நெறிமுறையும், 90 நாள்கள் செயலற்றிருந்த கணக்குகளை நீக்கவோ முடக்கவோ வேண்டும் என்கிறது. நல்ல விதி என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். முதல் பட்டியலில், வேலையை விட்டுச் சென்று ஈராண்டுகளாகியும் கணக்குத் திறந்தே கிடந்த ஒருவரின் பெயர் இருந்தது. விதியின் பயன் அன்றே தெரிந்துவிட்டதென்று மகிழ்ந்தேன். அதே பட்டியலில் இன்னும் சில வரிகள் கீழே வேறொரு பெயர் இருந்ததை நான் நின்று படிக்கவில்லை.

அவர் அலுவலகப் பிரிவில் எழுத்தர். ஓய்வுபெறச் சில காலமே எஞ்சியிருந்த பெரியவர். இதய அறுவை சிகிச்சைக்காக நான்கு மாதம் விடுப்பில் இருந்தார். உடல் தேறி ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்து, தம் இருக்கையில் அமர்ந்து, கடவுச்சொல்லை இட்டார். திரை அவரை ஏற்க மறுத்தது. மீண்டும் இட்டார். மூன்றாம் முறையும் அதே விடை. எவரிடமும் எதுவும் கேளாமல் நண்பகல் வரை அப்படியே அமர்ந்திருந்தாராம். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, என் பேரை எடுத்துவிட்டீர்களா?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துக்கொண்டே, "அப்படியெல்லாம் இல்லை ஐயா. மூன்று மாதம் வராவிட்டால் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். எல்லாருக்கும் அதே விதிதான். இதோ திறந்துவிடுகிறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பூட்டியது தவறில்லை, தம்பி. நான் இருக்கிறேனா இல்லையா என்று யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம்" என்றார்.

திறந்துகொடுக்க எனக்கு ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. அவர் அந்தக் காலைப்பொழுதில் என்ன எண்ணியிருப்பார் என்பதை எண்ண எனக்குப் பல நாள்கள் ஆயின. வேலை போய்விட்டது என்றே அவர் நினைத்திருக்கிறார். தம்மிடம் சொல்லக்கூட மனமின்றித் தம்மைக் கழித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். அவருடைய விடுப்பு விண்ணப்பம், மருத்துவச் சான்றுடன், என் அறைக்கு நேர் கீழ்த்தளத்தில் ஒரு கோப்பில் இருந்தது. நிறுவனத்துக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியும். நிறுவனத்தின் கணிப்பொறிக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டுதான் இருந்தது. அதில் இறங்கிப்போய்க் கேட்க வேண்டியவன் நான்.

வேலையை விட்டுச் சென்றவருக்கும் அறுவை சிகிச்சையில் இருந்தவருக்கும் என் பட்டியலில் எந்த வேற்றுமையும் இல்லை. இருவரும் '90 நாள்களாக வாராதவர்'. மௌனம் என்பது ஒன்றுதான். அதன் காரணங்களோ நூறு. நோய், பேறுகாலம், பயணம், துக்கம், வேறு பணிக்கு மாற்றம், மரணம் ஆகிய அனைத்தும் ஏட்டில் ஒரே வெற்றிடமாகவே தெரிகின்றன. வெற்றிடத்தைக் கண்டு எச்சரிக்கை கொள்வது அறிவு. வெற்றிடத்துக்குத் தானே ஒரு பொருளை எழுதிக்கொள்வது அறிவன்று.

மேலும் ஒன்று: அந்த வெற்றிடமேகூட எப்போதும் உண்மையான வெற்றிடம் என்று சொல்வதற்கில்லை. நாம் குறிப்பிட்ட அந்தச் சிறிய ஏடு, வாசலைக் கடந்து வந்ததை மட்டுமே எழுதும். ஒருமுறை நுழைந்து, வெளியேறாமலே வாரக்கணக்கில் வேலை செய்பவர் அதில் பழையவராகவே தெரிவார். தம் அஞ்சலை வேறு நிரல் வழியே நாள்தோறும் பெற்றுப் படிப்பவர், அந்த வாசலை மிதிக்கவே தேவையில்லையாகலாம். ஏடு அவரை நெடுநாள் காணாதவராகவே காட்டும். வாசலில் நிற்கும் காவலன், உள்ளே இருப்போரின் வாழ்வு முழுதும் தனக்குத் தெரியும் என்று எண்ணலாகுமா?

இவ்விடத்தில் மனிதரின் சட்டம் எவ்வளவு தயக்கத்தோடு நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். காணாமற்போன ஒருவரை இறந்தவராகக் கொள்வது எப்போது? 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஏழாண்டுக் காலத்தைச் சொன்னது. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதே காலத்தையே சொல்கிறது. ஆனால் வெறும் மௌனம் சட்டத்துக்குப் போதவில்லை. அவர் உயிரோடு இருந்தால் இயல்பாக எவருக்குச் சேதி கிடைத்திருக்குமோ, அவர்களுக்கு ஏழாண்டாகச் சேதி இல்லை என்று காட்ட வேண்டும். அதாவது, சட்டம் கதவைக் கேட்பதில்லை, சுற்றத்தாரைக் கேட்கிறது. அதன் பின்னரும் அது ஒரு முடிவான உண்மையன்று, ஓர் ஊகமே. அவர் திரும்பி வந்து நின்றால் ஊகம் கலைந்துவிடும். ஏழாண்டை நாம் கணிப்பொறிக்குக் கேட்கவில்லை. அந்தக் கேட்கும் முறையையும், கலையக்கூடிய ஊகம் என்னும் பணிவையும் கேட்கிறோம்.

இனி, பூட்டுவதற்கும் அழிப்பதற்கும் உள்ள தொலைவைப் பார்ப்போம். லினக்ஸ் அமைப்பில் ஒரு கணக்கைப் பூட்டுவது வியக்கத்தக்க எளிமையுடையது. கடவுச்சொல், எவரும் படிக்க இயலாதவாறு உருமாற்றப்பட்டு ஒரு கோப்பில் வைக்கப்பட்டிருக்கும். பூட்டுவதற்கான கட்டளை, அந்த உருவின் முன்னே ஒரேயொரு வியப்புக்குறியை வைக்கிறது, அவ்வளவே. அதன் பின் எந்தச் சொல்லை இட்டாலும் அதனோடு பொருந்தாது. திறப்பதற்கான கட்டளை அந்தக் குறியை நீக்குகிறது. நடுவே அவருடைய கோப்புகளில் ஓர் எழுத்தும் குறைவதில்லை. இதனை வகுத்தவர்கள் அறநூல் எழுத அமர்ந்தவர்கள் அல்லர். எனினும் அவர்கள் செய்தது ஓர் அறச்செயலே: திரும்பி வருபவருக்காக எல்லாவற்றையும் இருந்தபடி வைத்தார்கள்.

ஆயின் இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடவுச்சொல்லைப் பூட்டிய மாத்திரத்தில் எல்லா வழியும் அடைபட்டுவிடுவதில்லை. கடவுச்சொல் இன்றி, முன்பே பதிவுசெய்த மறைகுறித் திறவுகோல் கொண்டு தொலைவிலிருந்து நுழையும் வழி ஒன்றுண்டு. வியப்புக்குறி அதனைத் தடுக்காது. ஆகவே கணக்கின் காலாவதி நாளையும் பழையதொரு நாளாகக் குறித்துவிடுமாறு அந்தக் கட்டளையின் கையேடே சொல்கிறது. கையேடு சொல்லும் எண் 1. அந்த ஏட்டில் நாள்கள் 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து எண்ணப்படுவதால், அது 1970 ஜனவரி 2 ஆகிறது. நேற்றுவரை வேலை செய்தவர்கூட 1970-இலேயே காலாவதியானவராக எழுதப்படுகிறார்! இயந்திரத்துக்கு இது ஒரு வசதி. படிக்கும் மனிதன்தான் இதை மனிதரைப் பற்றிய உண்மையாகக் கொள்ளாதிருக்க வேண்டும். முன்வாசலை மட்டும் பூட்டிவிட்டுக் காவல் செய்துவிட்டதாக நினைப்பதும் தவறு. பூட்டிய ஏட்டைப் படித்து ஆளே முடிந்துவிட்டார் என நினைப்பதும் தவறு.

அழிக்கப் புறப்பட்டோர் கண்ட அனுபவமும் நமக்குப் பாடம். 2019 நவம்பரில் ட்விட்டர் நிறுவனம், ஆறு மாதங்களுக்கு மேலாக நுழையாதவர்களின் கணக்குகளை டிசம்பர் 11 முதல் நீக்கப்போவதாக அறிவித்தது. உடனே எழுந்த குரல்களுள் உரத்தது எது தெரியுமா? இறந்துபோனவர்களின் உற்றாருடையது. மகன் எழுதிய வேடிக்கைப் பேச்சும் மனைவி பகிர்ந்த படங்களும் அந்தப் பக்கங்களில்தாம் இருந்தன. அவற்றின் உரிமையாளர் இனி ஒருபோதும் நுழையப்போவதில்லை. ஆனால் அவற்றைப் பார்க்க வருவோர் இருந்தார்கள். மறுநாளே நிறுவனம் தன் தவற்றை ஒப்புக்கொண்டு, இறந்தோரின் பக்கங்களை நினைவாகப் பேண ஒரு வழி காணும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாகச் சொன்னது. நுழைவு நின்றால் பொருள் அற்றது என்ற கணக்கு, அங்கே துக்கத்தின் முன்னே தோற்றது.

கூகுள் நிறுவனம் 2023 மே மாதத்தில், இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அவ்வாண்டு டிசம்பர் முதல் நீக்கத் தொடங்குவதாக அறிவித்தது. அங்கே முன்னறிவிப்பு உண்டு. கணக்குக்கும், உரியவர் தந்திருந்த மாற்று முகவரிக்கும் பலமுறை கடிதம் செல்லும். அதற்கும் முன்பே, 2013 முதல், தாம் மௌனமானால் எவருக்குச் சொல்ல வேண்டும், எதை எவரிடம் கொடுக்க வேண்டும் என்பதை உரியவரே எழுதிவைக்கும் வசதியும் அந்நிறுவனத்தில் இருந்துவருகிறது. இஃது ஒரு சிறு மரண சாசனம் போன்றது. என் மௌனத்துக்கு என்ன பொருள் என்பதை நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். பிறர் ஊகிக்க வேண்டியதில்லை. இது பெரிதும் வரவேற்கத்தக்கது. ஆயினும் இத்தகைய வசதி இருப்பதை அறியாதவரின் கடிதங்களும் படங்களும் என்னாகும் என்னும் கேள்வி எஞ்சியே நிற்கிறது. விதியை அறிந்தவருக்கு மட்டும் நீதி கிடைப்பது முழு நீதியாகாது.

நம் நாட்டு வங்கிகள் இதில் ஒரு நல்ல நெறியைக் காட்டுகின்றன. சேமிப்புக் கணக்கில் இரண்டாண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளரின் நடவடிக்கை இல்லையெனில் அது செயலற்ற கணக்காகிறது. பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால், அத்தொகை இந்திய ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய ஒரு நிதிக்குச் செல்கிறது. பணம் இடம் பெயர்ந்துவிட்டது, உரிமை பெயர்ந்ததா? இல்லை. உரியவரோ வாரிசுதாரரோ அதன் பின் வந்து கேட்டாலும், தம் வங்கியின் வழியே அதைப் பெறலாம். செயலற்ற கணக்கை மீண்டும் இயங்கச் செய்ய வங்கி கட்டணம் வாங்கலாகாது என்பதும் விதி. காலம் கடந்தால் காவலின் முறை மாறலாம், உரிமை மாறலாகாது. நான் தேடிய நெறி இதுவே.

இனி, பதிவேட்டின் மற்றொரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வாசலைக் காக்க எழுதப்பட்ட அதே ஏடு, வாசலைக் கடப்பவரை அளக்கவும் பயன்படும். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் முன்னேரத்தில் சென்றார், நள்ளிரவில் எவர் விழித்திருந்து எங்கிருந்து நுழைந்தார் என்பன யாவும் அதில் உண்டு. ஒரு மேலாளர் வந்து, 'இன்னார் சென்ற மாதம் எத்தனை நாள் காலதாமதமாக நுழைந்தார் என்று எடுத்துக் கொடுங்கள்' என்று கேட்டால், ஏடு வைத்திருப்பவர் கொடுத்துவிடலாமா? அந்த மனிதர் தம் வருகையைக் குறிக்க இசைந்தது எதற்காக? தம் அறையில் அந்நியன் நுழையாதிருக்க. தம் நடத்தையை எவரோ தமக்குத் தெரியாமல் எடை போட அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தகவலை அதற்குப் பொருந்தாத வேறொரு நோக்கத்துக்குத் திருப்பலாகாது என்பதைத் தன் அடிப்படை நெறிகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே நம் மனச்சாட்சிக்கு அது தெரியும். காவலுக்கென்று தரப்பட்ட கண்ணை வேவுக்குத் திருப்புவது, ஒப்படைத்தவரை ஏமாற்றுவதாகும்.

பதிவேடு எவருக்கு உரியது என்பதற்கு யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளிலேயே அழகியதொரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் நுழைந்தவுடன், 'நீங்கள் கடைசியாக நுழைந்தது இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்திலிருந்து' என்று ஒரு வரி திரையில் தோன்றும். பலர் அதனைப் படிப்பதேயில்லை. உண்மையில் அந்த வரியில்தான் அந்த ஏட்டின் நியாயம் முழுதும் அடங்கியிருக்கிறது. 'அந்த நாளில் நான் வரவில்லையே!' என்று உரியவர் திடுக்கிட்டால், அவர் பெயரில் வேறொருவன் வந்து போயிருக்கிறான் என்பது அக்கணமே தெரிந்துவிடும். எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கே முதலில் காட்டப்படும் ஏடு காவலுக்குரியது. அவருக்கு மறைத்து, மற்றவர்க்கு மட்டும் காட்டப்படும் ஏடு வேவுக்குரியது. எழுதப்பட்ட செய்தி இரண்டிலும் ஒன்றே. பார்வை எத்திசையில் திரும்பியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இங்கே ஒருவர் மறுத்துச் சொல்லலாம்: 'நீர் சொல்வது நெஞ்சைத் தொடும். ஆனால் ஒவ்வொருவரின் காரணத்தையும் கேட்டுக்கொண்டிருந்தால் விதி விதியாக நிற்குமா? ஒருவருக்கு விலக்கு அளித்தால் அந்த விலக்கே திருடனுக்கு வழியாகும். இயந்திரம் முகம் பாராது. அதுவே அதன் நேர்மை.' இதில் உண்மை இருக்கிறது. விடுப்பில் இருக்கிறார் என்பதற்காக அந்தப் பெரியவரின் கணக்கைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் மருத்துவமனையில் கிடந்த நான்கு மாதங்களில்தான் அவர் வாசலுக்குக் காவல் மிகுதியாகத் தேவைப்பட்டது. பூட்டு எல்லார்க்கும் பொதுவாக இருக்கட்டும். ஆனால் பூட்டுமுன் ஒரு சொல்லும், பூட்டியபின் ஒரு வழியும் அதேபோல் எல்லார்க்கும் பொதுவாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். பூட்டை மட்டும் இயந்திரத்திடம் விதியாகக் கொடுத்துவிட்டு, சொல்லையும் வழியையும் நிர்வாகியின் நல்ல மனத்துக்கு விட்டுவைப்பது பாதி விதி. நல்ல மனம் அன்று மறந்துபோகும். நான் மறந்தது போல.

இந்த விதி விதித்தவனையும் கட்ட வேண்டும். எல்லாக் கதவுகளுக்கும் திறவுகோல் வைத்திருப்பவன் நிர்வாகி. அவன் பணியை விட்டுச் சென்றபின் அவனுடைய கணக்குத் திறந்தே கிடந்தால், அது ஓர் அறையின் கதவன்று. முழு மாளிகையின் கதவு. பிறர் வருகையை எண்ணுபவனின் வருகையும் எண்ணப்பட வேண்டும். அவன் எந்த ஏட்டை எப்போது புரட்டினான் என்பதும் வேறொருவர் பார்க்கும் ஏட்டில் எழுதப்பட வேண்டும். தனக்குப் பொருந்தாத விதியைப் பிறருக்கு வகுப்பவன் காவலன் அல்லன்.

அந்தப் பெரியவர் என் அறையை விட்டுச் சென்ற பிறகு, விதியை நான் மாற்றவில்லை. அதோடு சிலவற்றைச் சேர்த்தேன். பூட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே உரியவருக்கு ஒரு கடிதம் செல்லும். அவர் அஞ்சலையே திறக்காதவராக இருக்கலாம் என்பதால், அவருடைய பிரிவின் தலைவருக்கும் ஒரு படி செல்லும். விடுப்பில் உள்ளவர்களின் பட்டியல் மாதந்தோறும் கீழ்த்தளத்திலிருந்து மேலே வரும். பூட்டிய கணக்கில் ஒருவர் நுழைய முயன்றால், திரை அவரை மறுப்பதோடு நில்லாது. 'நெடுநாள் பயன்படுத்தாமையால் பாதுகாப்புக் கருதிப் பூட்டியிருக்கிறோம். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கின்றன. திறக்க இந்த எண்ணில் அழையுங்கள்' என்று சொல்லும். எவர் எண்? எவருடையதோ அன்று; என்னுடையது. எழுதி முடித்தபோது அரை நாள் வேலைதான். அந்த அரை நாளை முன்பே செலவிட்டிருந்தால், ஒருவருடைய ஒரு காலைப்பொழுது அத்தனை கனமாக இருந்திராது.

அவர் சில மாதங்கள் கழித்து ஓய்வுபெற்றார். கடைசி நாளன்று மாலை என்னிடம் வந்து, "தம்பி, இனி நான் வர மாட்டேன். நீங்களே பூட்டிவிடுங்கள்" என்றார். அவர் எதிரிலேயே பூட்டினேன். அவருடைய கோப்புகளில் அவருக்கு வேண்டியவற்றைப் படியெடுத்துக் கையில் கொடுத்தேன். இம்முறை அவர் சிரித்தார்.

அதே கட்டளைதான், அதே வியப்புக்குறிதான். ஆனால் இம்முறை, பூட்டுமுன் ஒருவரையொருவர் கேட்டிருந்தோம்.